கட்டாரி போச்சு, கம்பு நின்னுச்சு

1966 மே 1ஆம் தேதி அமெரிக்காவின் பெர்க்லி ஊரில், ஒரு வீட்டுக் கொல்லையில் சில நண்பர்கள் கூடினார்கள். ஐரோப்பிய இடைக்காலத்து வீரர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வாள்சண்டை போட்டார்கள். ஒருநாள் கூத்தாக முடிந்திருக்க வேண்டிய அந்தக் கூட்டம்தான் பின்னால் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்று பெரிய அமைப்பாக வளர்ந்து, இன்னைக்குப் பல நாடுகளில் கிளை பரப்பி நிற்கிறது. தலைக்கு இரும்புக் கவசம், உடம்புக்குத் தோலோ தகடோ, கையில் கேடயம் என்று எல்லாம் உண்டு. வாள் மட்டும் இரும்பு கிடையாது, பிரம்பு!

பிரம்பு ஏன் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நம்ம ஊர்ச் சிலம்ப வாத்தியார் எவரும் சொல்லக்கூடியதுதான். சாதாரண மரம் முறிஞ்சா முனை ஈட்டியாகிவிடும். பிரம்பு உள்ளே கூடில்லாமல் கெட்டியாக இருக்கும். அடி வாங்கி வாங்கி நார்நாராகப் பிரியுமே ஒழிய சட்டென்று ஒடியாது. அடிக்குக் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாரிஸையும் லண்டனையும் மனசில் வைத்துச் சண்டை போட்டவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது நம்ம சிலம்பக் கம்புக்குத்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்கு வேஷத்தில் அவ்வளவு அக்கறை இல்லை, பழைய சண்டை முறையை அப்படியே மீட்க வேண்டும் என்பதுதான் குறி. இவர்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து, ஏடுகள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ஆயுத அருங்காட்சியகத்தில் 'ஐ.33' என்ற கையெழுத்துப் பிரதி இருக்கிறது. சுமார் 1300ஐ ஒட்டிய தசாப்தங்களில் ஜெர்மனியில் எழுதப்பட்டது. ஒரு பாதிரியார் தன் மாணவனுக்கு வாளும் சின்னக் கேடயமும் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதாகப் படம் படமாக வரைந்திருக்கும். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளோடு வந்து நிற்கிறாள். யார், ஏன் என்று ஒரு விளக்கமும் இல்லை. அதற்கு நூறு வருஷம் கழித்து இத்தாலியில் ஃபியோரே என்ற வாத்தியார் எழுதிய புத்தகம் இன்னும் விரிவு. சொல்லிக்கொடுத்த பரம்பரை நடுவில் அறுந்துபோய்விட்டதால், இவர்கள் படத்தைப் பார்த்துக் காலை வைத்துப் பார்த்து, தப்பானால் மாற்றி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவாக மீட்கிறார்கள்.

நம்ம நிலைமை இதற்கு நேர் தலைகீழ். மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான். அவர்களிடம் ஏடு இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை. நம்மிடம் ஆள் இருக்கிறார், ஏடு இல்லை.

ஏடே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். போரைப் பற்றித் தமிழில் பாடியது கொஞ்சநஞ்சமா? தொல்காப்பியத்தில் புறத்திணையியல், அப்புறம் புறப்பொருள் வெண்பாமாலை. மாடு கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலை வளைத்தால் உழிஞை என்று பூவைக் கொண்டே போரைப் பிரித்துவைத்த பாஷை வேறு எங்கும் இருக்கிறதா, தெரியாது. கலிங்கத்துப்பரணி முதலாம் குலோத்துங்கன் படையின் வெற்றியைப் பாடுகிறது. எங்க ஊர் ராஜகோபாலசாமி கோயிலுக்கு அந்த ராஜா பேரால் குலோத்துங்க சோழ விண்ணகரம் என்று பழைய பெயர். பரணியில் யானை விழுகிறது, பேய் கூழ் அடுகிறது. ஆனால் வாள் பிடித்தவன் இடது காலை முன்னால் வைத்தானா, வலது காலையா? அதை ஒருத்தரும் சொல்லவில்லை. கவிஞருக்கு அது தேவைப்படவில்லை, படைவீரனுக்கோ அதை எழுதிவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

நடுகல்லில் கொஞ்சம் கிடைக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லும் குறுவாளும் பிடித்து, மேலுடம்பு வெறுமையாக, ஒரு கால் மடங்க நிற்கும் வீரர்களைப் பார்க்கலாம். ஆனால் அது வீரனுக்குச் செய்த மரியாதை. சண்டையின் ஒரு கணத்தைப் பார்த்துப் பதிவு செய்த படம் என்று அதை வைத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்தான்.

சரி, ஆயுதமாவது மிச்சம் இருக்கணுமே? இருந்தது, தஞ்சாவூரிலேயே இருந்தது. நாயக்கர் காலத்திலிருந்தும் அதற்கு முந்தியும் சேர்ந்த ஆயுதங்கள் அரண்மனைக் கொட்டடியில் மராட்டியர் காலம் முடியும்வரை கிடந்தன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார், கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அந்த ஆயுதக் கிடங்கைக் கலைத்தார்கள். பொறுக்கியெடுத்த சில மெட்ராஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் ஏராளமானவை உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் இந்தக் கிடங்கைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட மாதிரிதான் போயிருக்கிறது. தப்பித்தவை கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டின. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1935இல் இறந்தபோது தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். தஞ்சாவூர்க் கட்டாரிகளைப் பார்க்க இன்னைக்கு நல்ல இடங்களில் அது ஒன்று. படங்களை அவர்கள் இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

கட்டாரியைப் பார்க்காதவர்களுக்காக: சாதாரணக் கத்தியில் பிடி, அலகின் தொடர்ச்சியாக நீளவாட்டில் இருக்கும். கட்டாரியில் பிடி குறுக்கே இருக்கும். ஏணிப்படியைப் பிடிக்கிற மாதிரி கையை மடக்கிப் பிடித்தால், முஷ்டிக்கு நேர் முன்னால் அலகு நீண்டு நிற்கும். பிடியின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் முன்கையை ஒட்டிப் பின்னால் வரும். தஞ்சாவூர் வேலைப்பாட்டின் தனி அடையாளம், புறங்கையை மூடும் வளைந்த தகடு. பாய்மரம் காற்றில் உப்பின மாதிரி இருக்கும், அதன் நுனியில் யாளி முகம். அலகு பல சமயம் ஐரோப்பியச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த நீள வாளை வெட்டி, நம்ம கொல்லர் நம்ம பிடியில் தறைந்து பொருத்திவிட்டார். கடற்கரையில் நாகப்பட்டினம், உள்ளே தஞ்சாவூர். அந்தக் காலத்து வியாபாரம் ஒரே ஆயுதத்தில் அடங்கிக் கிடக்கிறது.

இந்த ஊருக்கும் அந்த ஆயுதக் காலத்துக்கும் நேரடி உறவு உண்டு. மன்னார்குடிக் கோயிலை இன்றைய பெரும் அளவுக்கு விரித்தவர் தஞ்சை நாயக்கர்களில் கடைசியாக ஆண்ட விஜயராகவ நாயக்கர். மன்னாருதாசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், தெலுங்கில் யட்சகானம் எழுதியவர். 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையை வளைத்தது. பெண் கேட்டுக் கொடுக்காததால் வந்த சண்டை என்பது கதை. கிழவர் அந்தப்புரத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டு வாளோடு இறங்கிவந்து சண்டையில் விழுந்தார். தஞ்சாவூர் நாயக்கர்கள் கதையைச் சொல்லும் தெலுங்கு வரலாறு இதை நாடகமாகவே விவரிக்கிறது. எண்பதைத் தாண்டிய ராஜாவுக்குப் புருவம் தொங்கிக் கண்ணை மறைத்ததாம், அதைத் தங்கக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தாராம். துப்பாக்கியால் சுடாதீர்கள், வாளோடு வாருங்கள் என்று எதிரிகளிடம் கேட்டதாகவும் அதில் வருகிறது.

இது நடந்ததா, நடந்தால் நல்லாயிருக்கும் என்று எழுதினதா என்று நான் இங்கே வாதம் பண்ணப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோரிக்கை. 1673லேயே வாள் பழைய ஆயுதமாகிவிட்டது. இதே தஞ்சாவூரில், கோட்டைக் கீழவாசல் பக்கம், இரும்புப் பட்டைகளை நெருப்பில் இணைத்துச் செய்த ராஜகோபால பீரங்கி இன்றும் கிடக்கிறது. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன் எடை. அந்தப் பீரங்கி இருக்கிற ஊரில் ஒரு ராஜா வாள்சண்டை கேட்கிறார் என்றால், அவரும் ஒருவகையில் பழங்காலத்தை நடித்துக் காட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெர்க்லிக்காரர்களோடு சேர்த்துப் பார்த்தால் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். போரை நடித்துப் பார்ப்பது நமக்கும் புதுசில்லை. திரௌபதியம்மன் கோயில்களில் படுகளம் அன்று மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பதைப் பார்த்து ஊரே நிற்கிறதே!

இப்போது கம்புக்கு வருகிறேன். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. வால்ஹவுஸ் கட்டுரை வந்த அதே வருஷம், தற்செயல்தான். துப்பாக்கி மட்டுமில்லை, வாள், குத்துவாள், ஈட்டி, வில் அம்பு எல்லாம் அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்'. உரிமம் இல்லாமல் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. பட்டியலில் கம்பு இல்லை. எப்படி இருக்கும்? மாடு ஓட்டுகிறவன் கையிலும், ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போகிறவன் கையிலும் இருப்பது அதுதான். அதனால் கம்பு நின்றது, கட்டாரி போனது என்பது என் அனுமானம். சிலம்பம் ஐயாயிரம் வருஷக் கலை என்று பேனரில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அறுபடாமல் கையிலிருந்து கைக்கு வந்த சண்டை வித்தை என்பதில் சந்தேகம் இல்லை, அதற்குமேல் ஒரு பெருமையும் தேவையில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அதைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள்.

போன வருஷம் நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன். அருங்காட்சியகப் படங்களை வைத்து, அளவு கூட்டிக் குறைத்து, தெரிந்த ஆசாரி ஒருவரிடம் மரக் கட்டாரி ஒன்று செய்யச் சொன்னேன். "இது என்னங்க, கதவுக் கைப்பிடியா?" என்று கேட்டார். முனையை உருட்டி, மேலே ரப்பர் சுற்றி, எங்க தெருப்பக்கம் பசங்களுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. முதலில் வாள் மாதிரி வீசிப் பார்த்தார். சரிவரவில்லை. பக்கச் சட்டம் முன்கையோடு ஒட்டி நிற்பதால் மணிக்கட்டு மடங்காது, வெட்டு முழுக்கத் தோளிலிருந்து வரவேண்டியிருந்தது. ரெண்டு நிமிஷம் கழித்து, "தம்பி, இது கம்பு வேலை இல்ல. இது குத்துவரிசை" என்றார். வெறுங்கையில் போடும் குத்துவரிசையின் காலடியை அப்படியே வைத்து, குத்த வேண்டிய இடத்தில் கட்டாரியை நீட்டினார். உடம்பு எடை முழுக்க நேராக முனைக்குப் போனது. புறங்கைத் தகடு எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. கை அவ்வளவு முன்னால் போகும்போது எதிராளிக்கு முதலில் கிடைப்பது விரல்தான்.

இதனால் நாயக்கர் படை குத்துவரிசை கற்றது என்று நிரூபணம் ஆகிவிடாது. மனித உடம்பு ஒன்றுதான், ஒரே கருவியைக் கொடுத்தால் யாரும் ஒரே வழிக்கு வரலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றாத ரெண்டு விஷயம் அந்த அரைமணியில் தெரிந்தது. வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கைக் கிறுக்குத்தனம் என்று சிரிக்கிறவர்கள் அந்த அரைமணியைப் பார்த்திருக்கணும்.

கவசம் தனிக்கதை. பாண்டிய நாட்டு மக்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் வைத்துக்கொண்டு வெறும் உடம்போடு போருக்குப் போகிறார்கள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ கேலியாகச் சொல்கிறார். விஜயநகரப் படையில் தடித்துத் தைத்த அங்கிகளைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியப் பயணிகள் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியரும் இரும்புக்கு அடியில் இதே மாதிரி பஞ்சுச் சட்டைதான் போட்டார்கள். நான் மெத்தைக் கடையில் சொல்லி, பழைய வேட்டிகளை அடுக்கி நெருக்கமாகத் தையல் போட்டு, கையில்லாத சட்டை ஒன்று வாங்கினேன். கம்படி நன்றாகவே தாங்குகிறது. ஆனால் சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் ஆடினால் வேர்வையைக் குடித்துக் கல்லாகக் கனக்கிறது. 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது தோல் கவசத்தைப் பார்த்துக் கைதட்டினவர்கள், அதை மாட்டிக்கொண்டு ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரணும். மார்க்கோ போலோ கேலி செய்த வீரர்களுக்கு மூளை இருந்தது என்பது அப்போது புரியும்.

அடுத்து எடையைச் சரிசெய்ய வேண்டும். மரம் இரும்பைவிட லேசு என்பதால் கை வேகமாகப் போய் ஏமாற்றுகிறது. அலகுப் பக்கம் ஈயத் துண்டு வைத்துப் பார்க்கலாம் என்று ஆசாரி சொன்னார். வாத்தியாருக்கு இடது கைக்கும் ஒன்று வேணுமாம். இதுக்கு நடுவே அவரிடம் கற்கிற பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மான்கொம்பு பிடித்துப் பழகினவள், மரக் கட்டாரியை வாங்கிப்போய் மூணு நாளாகத் திருப்பித் தரவில்லை.