மழைச் செய்தியும் ஏரிக்கரையும்

புரட்டாசி மாதத்தில், சித்திரை வெயிலோ என்று ஐயுறும்படி காய்ந்த ஒரு பகலுக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையில் நின்று மேற்கே நோக்கினால், காஞ்சிபுரத்துத் திசையில் கருமேகம் மலைபோல் எழுந்து நிற்பதைக் காணலாம். தென்மேற்குப் பருவம் ஓய்ந்தும் ஓயாமலும், வடகிழக்குப் பருவம் தொடங்கியும் தொடங்காமலும் இருக்கின்ற அந்தச் சந்தி காலத்தில், பகலெல்லாம் சூடேறிய உள்நாட்டு நிலத்தின்மேல் ஈரக்காற்று எழும்பி இடிமேகமாகத் திரள, அம்மேகங்களை மேல்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வர, அவை இரவின் முதல் ஜாமத்தில் இந்த ஊர்களின்மேல் கொட்டித் தீர்த்துவிட்டுக் கடலை நோக்கிப் போகின்றன. வானிலை ஆய்வு மையத்தார் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று அறிவிப்பது பெரும்பாலும் இந்த மழையைத்தான். மழை பதிவாகும் நிலையங்கள் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதபோதே "ஓரிரு இடங்கள்" என்பார்கள். ஆகையால் ஒரகடத்தில் சாலை ஆறாக ஓடும் இரவில் இருங்காட்டுக்கோட்டையில் தெரு நனையாதிருந்தாலும் அறிவிப்பு பொய்த்ததாகாது.

வரப்போகும் மழையை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற ஆசை இந்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில், மேகம் கருக்கொள்ளும் என்றும், கருக்கொண்ட நாளிலிருந்து 195-ஆம் நாளில் அது மழையாகப் பிறக்கும் என்றும் ஒரு சாஸ்திரமே வகுக்கப்பட்டிருக்கிறது. மார்கழியில் மேகம் ஓடும் விதத்தைக் கவனித்து அடுத்த வருஷத்து மழையை நிதானிக்கும் "கர்ப்போட்டம்" என்ற நம் குடியானவர்களின் வழக்கமும் அந்தக் கருத்தின் வழிவந்ததே. சித்திரை முதல் நாளன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிக்கும்போது, இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்ற வரிக்காகவே ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கணக்கு பலித்ததா என்பது வேறு விஷயம். மழையைப் பற்றிய செய்தி ஊர் கூடிக் கேட்கும் செய்தியாக இருந்தது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஊர் கூடிக் கேட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும் இந்தப் பிரதேசத்தில், பெய்கிற சில வாரத்து மழையைக் கரைகட்டித் தேக்கினாலன்றிப் பயிர் இல்லை. ஆதலால்தான் பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர் வழங்கிற்று. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டு, பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று விதிக்கிறது. ஏரிகளும் தனித்தனியே கிடப்பவை அல்ல. மேலேரி நிறைந்து கலங்கல் வழியாக வழிந்தால் அந்த நீர் கீழேரிக்கு வரத்தாகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரகடத்துக்குக் கிழக்கே படப்பை, மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்றுக்குத் தலைநீராகிறது. மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பங்கிடுகின்ற கம்புகட்டி, மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து கரைக்கு மண் சுமக்கின்ற குடிமராமத்து, இவ்விரண்டின் உதவியால்தான் இந்தச் சங்கிலி அறாமல் நின்றது.

மழை பெய்யும் இரவில் ஏரிக்கரை எப்படிப்பட்ட கவலைக்குரிய இடம் என்பதை மதுராந்தகத்து ஜனங்கள் இன்றும் ஒரு கதையாகச் சொல்கிறார்கள். கும்பினியாரின் ஜாகீராக இருந்த இந்தச் சீமைக்குக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் என்பவர், எத்தனை முறை பழுது பார்த்தும் மழைதோறும் உடைகிற மதுராந்தகம் ஏரியின் கரையை நினைத்து மனம் நொந்து, ராமர் கோயிலுக்குப் போனாராம். தாயார் சந்நிதியைக் கட்டித்தர வேண்டும் என்று கேட்ட அர்ச்சகர்களிடம், "உங்கள் தெய்வம் இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், நான் கட்டித்தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, மழை கொட்டிய ஓர் இரவில் குடையுடன் கரைக்குப் போனவர், வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் அங்கே காவல் நிற்கக் கண்டு மண்டியிட்டாராம். ஏரி காத்த ராமர் என்ற பெயர் அவ்வாறு வந்தது. தாயார் சந்நிதியைக் கட்டிய தர்மம் பிளேஸுடையது என்று கூறும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஜில்லாவை ஆளும் அதிகாரி நடுராத்திரி மழையில் கரைமேல் நின்றார் என்ற அம்சம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அதே சமயத்தில் சென்னையில் வேறொரு காரியம் தொடங்கிவிட்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கும்பினியாரின் வானாய்வுக் கூடம் எழுந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. 1846 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் சுமார் 52 செ.மீ. மழை பெய்ததென்று நாம் அறிவது அந்தக் குறிப்பேடுகளின் புண்ணியத்தால்தான். 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும் புயலும் அடுத்து வந்த வறட்சிகளும் அரசாங்கத்தை விழிக்கச் செய்ய, 1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. சென்னையின் மண்டல மையம் 1945-இல் அமைந்தது. 2002-இல் மேகத்தின் ஓட்டத்தையே அளந்து காட்டும் டாப்ளர் ராடார் வந்தது. மழையை அறியும் வித்தை இவ்வாறு வளர, மழையை ஏற்கும் வித்தை தேய்ந்தது. குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-இல் ஒரு சட்டமே செய்தார்கள். மனமுவந்து நடந்த வழக்கத்தை அபராதத்தால் நிலைநிறுத்த முடியவில்லை.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காலூன்றியதிலிருந்து, ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸானும் டெய்ம்லரும் கூடங்கள் எழுப்பியது வரை, பதினைந்து இருபது வருஷங்களுக்குள் சம்பா விளைந்த நிலம் கார் விளையும் நிலமாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் இந்த மாறுதலை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஆயக்கட்டு வயல் போனதும் கம்புகட்டிக்கு வேலை போயிற்று. அவனோடு வரத்துக் கால்வாயின் தடமறிந்த கண்ணும் போயிற்று. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலை வரை செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீரை அடையாற்றில் விட நேர்ந்தது. கீழே சென்னை மூழ்கிற்று; மேலே தொழிற்சாலைகள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. மழை வரும் என்ற எச்சரிக்கை அப்போதும் வராமலில்லை.

ஆகவே இந்தச் சீமையில் வேலை பார்க்கும், குடியிருக்கும் அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் புரட்டாசியில் வானொலியிலோ கைபேசியிலோ மழைச் செய்தி வந்தால், ஷிப்டு பஸ் வருமா என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல், ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்வதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரையில் கால்வாயோடு நடந்து போய், அது எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, ஊராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.