கொச்சியிலிருந்து டெல் அவீவ்: தொலைவும் காத்திருப்பும்

கொச்சிக்கும் டெல் அவீவுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் அதனை ஆறு மணி நேரத்திற்குள் கடக்கும். எனினும் பயணக் காலத்தைத் தொலைவும் வேகமும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. மட்டாஞ்சேரி யூதர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

இக்கடல்வழி பழமையானது. செங்கடல் வாயிலிலுள்ள ஓக்கெலிஸ் துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வடக்கேயுள்ள முசிறியை அடைய 40 நாள் ஆகும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கலம், காற்றுத் திசைமாறும் வரை திரும்ப இயலாது. ஆகவே, கடலில் கழித்த நாள்களைவிடக் கரையில் காத்திருந்த நாள்கள் மிகுதி.

1948இல் இஸ்ரேல் உருவானபோது விமானப் பயணம் சில நாள்களுக்குள் முடியக்கூடியதாகிவிட்டது. ஆயினும், கொச்சி வட்டாரத்தின் ஏறத்தாழ 2,400 யூதர்கள் உடனே புறப்பட இயலவில்லை. கொச்சியில் பரவலாக இருந்த யானைக்கால் நோய் தங்கள் நாட்டிலும் பரவும் என்று இஸ்ரேலியச் சுகாதாரத் துறையினர் அஞ்சியதால் அனுமதி தாமதமாயிற்று. வீட்டையும் தொழிலையும் விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் வறுமையில் வீழ்ந்தன. மட்டாஞ்சேரியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 1953இல் இஸ்ரேல் சென்று அவர்களுக்காக வாதாடினார். 1954 முதல் பெரும்பான்மையோர் பம்பாய் சென்று, அங்கிருந்து விமானத்தில் புறப்பட்டனர். நெகேவ் பாலைநிலத்தின் நெவாதிம் அவர்களுடைய குடியிருப்புகளுள் ஒன்றாயிற்று. சில மணி நேரப் பறப்புக்கு முன்னர் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு இருந்தது.

பின்னர் வந்த தடை வான்வெளி. 1992இல் இந்தியாவும் இஸ்ரேலும் முழுமையான தூதரக உறவு கொண்டன. ஆயினும், மும்பையிலிருந்து சென்ற இஸ்ரேலிய விமானங்கள் அரபுத் தீபகற்பத்தைத் தவிர்த்துச் செங்கடல் வழியே சுற்றிச் சென்றன. 2018 மார்ச் 22 அன்று தில்லியிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், சவூதி வான்வெளி வழியே டெல் அவீவை அடைந்தது. இதனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்தது. அதே வழி அனைத்து நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டது 2022 ஜூலையில்தான். ஓமான் தன் வான்வெளியைத் திறந்தது 2023 பிப்ரவரியில்.

காற்று, நோயச்சம், வான்வெளி உரிமை ஆகிய மூன்றும் ஒரே தொலைவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாக நீட்டின. குடியேற்ற ஆவணங்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்த நாளையே பதிவு செய்கின்றன. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்தோரின் ஆண்டுகள் அப்பதிவில் இடம்பெறுவதில்லை. புலம்பெயர்வின் வரலாற்றை எழுதுவோர் அந்த ஆண்டுகளையும் பயணத்தின் பகுதியாகவே கணக்கிட வேண்டும்.