வேட்டையின் வரவும் செலவும்
மலாயாக் காடுகள் எழுதிவைத்த கணக்கு

மனிதன் கற்ற முதல் தொழில்களுள் வேட்டையும் ஒன்று. உழவு தோன்றுவதற்கு முன்னர் அதுவே மக்களுக்கு உணவளித்தது. உழவு தோன்றிய பின்னர், விளைந்த பயிரைப் பன்றியும் யானையும் அழித்துவிடாமற் காப்பதற்கு அது வேண்டியிருந்தது. இவ்விரு வகை வேட்டையும் தேவையிற் பிறந்தவை. தேவை முடிந்த இடத்தில் அவையும் முடிந்தன. இவையன்றி மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பசியில்லாதவன், காக்கப் பயிரில்லாதவன், பொழுது இனிது கழியவேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு ஆடும் வேட்டை அது. தேவையிற் பிறவாத காரணத்தால், ‘இதுவரை போதும்’ என்னும் எல்லை அதற்கு இயல்பாக அமைவதில்லை. இந்த மூன்றாம் வேட்டையால் விளைந்த நன்மை யாது, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை, மலாயத் தீபகற்பத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

துரைமார்களின் ஆட்டம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி மலாய் நாடுகளில் வேரூன்றியபோது, அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் விடுமுறை நாட்களில் காட்டை நாடினர். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடியவை யானை, புலி, காண்டாமிருகம், ‘செலாடாங்’ ஆகியவை. செலாடாங் என மலாய் மக்கள் அழைப்பது மாபெரும் காட்டெருது. நம் பழந்தமிழ்ப் பாடல்களில் ‘ஆமா’ எனக் குறிக்கப்படும் மலைநாட்டு விலங்கும் இவ்வினத்ததே. தோள்வரை ஆறடி உயரமும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் உடைய இவ்விலங்கை நேருக்கு நேர் நின்று சுடுவது வீரத்தின் உச்சம் எனக் கருதப்பட்டது.

அவ்வீரத்திற்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்தனர். சிலாங்கூர்க் காவற்படையை உருவாக்கி, பின்னர் மலாய்க் கூட்டு நாடுகளின் காவல்துறைத் தலைவராக உயர்ந்த சையர்ஸ் என்பார், 1897-இல் பகாங் காட்டில் செலாடாங் ஒன்றாற் குத்துண்டு மாண்டார். கோலாலம்பூர் ஒரு சுரங்கச் சிற்றூராக இருந்த நாள் முதல் அதன் ஒழுங்கைக் காத்தவரின் வாழ்வு ஓர் ஆட்டத்தில் முடிந்தது.

இவ்வேட்டையால் ஒரு பயனும் இல்லை என்று ஒருதலையாகக் கூறுதல் நேர்மையாகாது. நகர அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் காட்டை அறிந்தது இதனாலேயே. தடம் பார்க்கவும், காற்றின் திசை அறியவும், ஓசையின்றி நடக்கவும் மலாய் வழிகாட்டிகளிடமும் பழங்குடி மக்களிடமும் அவர் மாணவராயினார். 1905-இல் ஹப்பக் எழுதிய யானை, செலாடாங் வேட்டை நூலும், 1907-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் எழுதிய மலாய்க் காடுகள் பற்றிய நூலும், 1954-இல் லாக் எழுதிய திரங்கானுப் புலிகள் பற்றிய நூலும் அப்பழக்கத்தின் விளைவுகளே. இவை வரவுப் பக்கத்தில் எழுதத்தக்கவை.

ஹப்பக் கண்ட உண்மை

மேற்கூறியவருள் தியோடர் ஹப்பக்கின் வாழ்க்கை தனித்து ஆராயத்தக்கது. கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பக்கின் தம்பி இவர். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் நடத்தியவர். வேட்டையில் ஈடற்ற பெயர் பெற்றவர். விலங்கு தேடி அலாஸ்கா வரை சென்று திரும்பியவர். இத்தகையவரே, தாம் இளமையில் கண்ட விலங்குகள் தம் கண்ணெதிரே குறைந்து வருவதை முதலில் உணர்ந்தவருள் ஒருவராயினார். காட்டை அறியாதவனுக்குக் காடு எப்போதும் நிறைந்தே தோன்றும். ஆண்டுதோறும் அதே ஆற்றங்கரையில் தடம் பார்த்தவனுக்கே தடம் குறைவது தெரியும்.

பின்னாளில் ஹப்பக் பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காப்பாளரானார். 1923-இல் கிராவ், 1925-இல் குனோங் தகான் ஆகிய பகுதிகள் விலங்குக் காப்புக் காடுகளாக்கப்பட்டன. 1930-இல் மலாயா முழுமைக்கும் வனவிலங்கு விசாரணை ஆணையராக அவரே அமர்த்தப்பட்டார். நாடெங்கும் சென்று அவர் சான்று கேட்டார். இளம் ரப்பர்க் கன்றுகளை யானை மிதித்து அழிப்பதாகத் தோட்டக்காரர் முறையிட்டனர். நெல்லும் வாழையும் போவதாகக் கம்பத்து மக்கள் கூறினர். 1932-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கை, விலங்குகளுக்கென ஒரு பெரிய தேசியப் பூங்கா வேண்டும் என வற்புறுத்தியது.

அதே 1932-இல் பேராக்கில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் ஒன்று சுடப்பட்டது. அது பொழுதுபோக்குக்காக அன்று, அருங்காட்சியகத்திற்காக. ஆயினும், இத்தீபகற்பத்தில் அவ்வினத்தின் கடைசி விலங்கென வரலாறு பதிந்திருப்பது அதனையே. காக்கவேண்டும் என்னும் அறிக்கையும், காக்கப்படவேண்டிய இனத்தின் முடிவும் ஒரே ஆண்டில் வந்தன.

கணக்கில் எழுதாத செலவுகள்

வேட்டைக்காரன் தன் ஏட்டில் எழுதும் செலவு சிறிது. துப்பாக்கி, தோட்டா, உரிமச் சீட்டு, வழிகாட்டியின் கூலி, சில வாரப் பொழுது: இவ்வளவே. அவன் எழுதாத செலவுகள் நான்கு.

முதலாவது, தேர்ந்து கொல்லுதல். புலி தன் இரைக்குப் பெரும்பாலும் கன்றையோ, கிழட்டையோ, நோயுற்றதையோ கொள்கிறது; அதனால் கூட்டம் நலிவதில்லை. பொழுதுபோக்கு வேட்டைக்காரன் தேடுவதோ சுவரில் மாட்டத்தக்க பெரிய கொம்பு, நீண்ட தந்தம். அவற்றை உடையது கூட்டத்தின் வலிய ஆண். இனத்திற்கு எது முதலோ அதுவே முதலில் வீழ்கிறது.

இரண்டாவது, காலம். யானை ஏறத்தாழ 22 திங்கள் சூல் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. காண்டாமிருகத்திற்குச் சூற்காலம் 15 அல்லது 16 திங்கள். அதுவும் ஒன்றையே ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஒரு நொடியிற் செய்த செலவைக் காடு ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகின்றன.

மூன்றாவது, சுடப்படாத விலங்கின் பசி. கடமானைச் சுட்டவன் தான் புலியைத் தொடவில்லை என்று எண்ணுவான். ஆனால் கடமான் குறைந்த காட்டில் புலி வாழ இயலாது. இதனை உணர்ந்தே, தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாடுவதற்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டது.

நான்காவது, பிறர் உயிர். குறி தவறிக் காயமுற்ற விலங்கு காட்டிலேயே தங்கிவிடும். சுட்டவன் நகருக்குத் திரும்பிவிடுவான். காயத்தோடு அலையும் விலங்கை எதிர்ப்படுபவர் விறகு பொறுக்கும் ஏழையரே. இதற்கு இந்தியாவிலிருந்து நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. நேபாளத்திலும் குமாவூன் மலைப்பகுதியிலும் 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதன் வாயை ஆராய்ந்தபோது வலப்புறக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருக்கக் கண்டார். இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியதற்குக் காரணம் என அவர் எழுதினார். சுட்டவன் யார் என்பதை எவரும் அறியார். விலை கொடுத்தவர் மலைச்சிற்றூர் மக்கள்.

ஓர் அரசரின் பெயர்

ஹப்பக் வேண்டிய பூங்கா 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பகாங், திரங்கானு, கிளந்தான் ஆகிய மூன்று நாடுகளின் சட்டங்களால் நிறுவப்பட்டது. அதன் பரப்பு 4,343 சதுரக் கிலோமீட்டர். அதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் இடப்பட்டது. அம்மன்னர் 1911-இல் தில்லி முடிசூட்டு விழாவிற்குப் பின் நேபாளக் காட்டிற்குச் சென்றவர். அறுநூறுக்கும் மேற்பட்ட யானைகள் விலங்குகளைச் சூழ்ந்து வளைக்க, பத்தே நாட்களில் அவருடைய குழு 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் கொன்றது. மன்னர் தம் கையால் சுட்ட புலிகள் மட்டும் 21. விலங்குகளின் புகலிடத்திற்கு அவர் பெயரே அமைந்தது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. விடுதலைக்குப் பின் அப்பூங்கா ‘தாமான் நெகாரா’ ஆயிற்று. ஹப்பக் 1942-இல் மறைந்தார். அவர் பெயரை அறிந்தோர் இன்று மிகச் சிலரே.

பழி யாருடையது?

காடு வறிதானதற்கு வேட்டையாடிகளை மட்டும் குறைகூறுவது முறையன்று. கொம்புக்கும் தோலுக்கும் விலை கொடுத்த வணிகம் பெருந்தீங்கு செய்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே 30 இலட்சம் ஏக்கருக்கு மேல் ரப்பர்த் தோட்டங்கள் பரந்துவிட்டன. அத்தோட்டங்களில் நம் முன்னோரின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆனால் ரப்பர் பல இலட்சம் மக்களுக்குச் சோறிட்டது. பொழுதுபோக்கு வேட்டை யாருக்குச் சோறிட்டது? வேறு காரணங்களால் ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்த இனத்திலிருந்து, தேவையேதுமின்றி, சிறந்தவற்றைப் பொறுக்கியெடுத்ததே அதன் குற்றம்.

விளைவை இன்றைய எண்கள் காட்டும். 1950-களில் மலாயாவில் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் எனக் கணித்தனர். 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி எஞ்சியவை 150-க்கும் குறைவு. இரட்டைக்கொம்புக் காண்டாமிருகமும் மறைந்தது. மலேசியாவின் கடைசி விலங்கு 2019 நவம்பரில் சாபாவில் இறந்தது.

இனி வரவையும் செலவையும் ஒருங்கே நோக்குவோம். வேட்டை தந்தவற்றுள் சுவரில் தொங்கிய கொம்புகள் பூச்சியரித்துப் போயின. எஞ்சி நின்றவை இரண்டே: காட்டைப் பற்றிய அறிவு, அதனைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம். இவ்விரண்டிற்கும் துப்பாக்கி இன்றியமையாததன்று. தடம் பார்க்கும் பொறுமையும், காத்திருக்கும் துணிவும், கண்டதைக் குறிக்கும் ஒழுங்குமே வேண்டும். ஆகவே அப்பொழுதுபோக்கின் உண்மையான பயன் கொல்லாமலே பெறத்தக்கதாக இருந்தது. கொன்றதனால் வந்தது இழப்பு மட்டுமே. அவ்விழப்பையும் சுட்டவர் கொடுக்கவில்லை. கம்பத்து மக்களும், காடும், பின்வந்த நாமும் கொடுத்தோம்.

மலேசியாவின் அரசுச் சின்னத்தை இரு புலிகள் தாங்குகின்றன; சிங்கப்பூரின் சின்னத்திலும் சிங்கத்தின் எதிரே ஒரு புலி நிற்கிறது. வகுப்பறையில் அச்சின்னங்களை விளக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கையும் உடன் எடுத்துரைத்தல் நலம். வாய்ப்புள்ள பள்ளிகள் மாணவரைக் கோலா தகானுக்கு அழைத்துச் சென்று, ஆற்றங்கரைச் சேற்றில் பதிந்த ஓர் அடித்தடத்தையேனும் காட்டட்டும். வேட்டையாடியவர்கள் பெற்ற இன்பத்தின் நல்ல பகுதி முழுவதும் அத்தடத்திலேயே அவர்களுக்குக் கிடைத்துவிடும்.