'இருந்தால்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தவர்களுக்கு சிமெண்ட் புதிதல்ல. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-ல் ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் சிமெண்ட் சூளையை ஃபஸ்ஸி லாஜிக் முறையில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துப் பார்த்தது. சூளை ஆபரேட்டர் சமன்பாடு போடுகிறவர் அல்ல. "சூடு அதிகமா இருந்தா நிலக்கரியைக் கொஞ்சம் குறைப்பா" என்பார், அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம்' இயந்திரத்துக்குப் புரிந்தாக வேண்டும்.

அதற்கு வழி 1965-லேயே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் லோட்ஃபி ஜாதே, 'சூடு' என்பதை ஆம், இல்லை என்று வெட்டாமல் 0-க்கும் 1-க்கும் இடையே அளக்கலாம் என்றார். இந்தியாவில் படித்துவிட்டு இங்கிலாந்து போன மம்தானி, தம் மாணவர் அசிலியானுடன் லண்டன் குயின் மேரி கல்லூரியில் ஒரு சிறு நீராவி எஞ்சினை இப்படிப்பட்ட விதிகளாலேயே ஓட்டி, 1975-ல் கட்டுரை வெளியிட்டார். 1987-ல் ஜப்பானில் செண்டாய் நகரின் சுரங்க ரயிலும் ஃபஸ்ஸி முறையில் ஓடியது.

நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். சுவையான பகுதி இனிமேல்தான்.

மம்தானி 'இருந்தால்' என்ற இடத்தில் போட்ட கணக்கு, உண்மையில் 'உம்' கணக்கு: இரண்டு அளவில் சிறியதை எடுத்துக்கொள். அதாவது "இந்த நிலையும் இந்தச் செயலும் சேர்ந்து வரக் கண்டிருக்கிறோம்" என்ற சாட்சியம். தர்க்க நூல் சொல்லும் 'இருந்தால்' வேறு. அது மீறக்கூடாத கட்டுப்பாடு. இந்த வித்தியாசத்தை பிரான்சின் துலூஸ் நகரத்து துபுவா, பிராட் இருவரும் 1996-ல் ஒரு கட்டுரையில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்.

எங்கள் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். பட்டறைப் பேச்சு மாதிரியே சொல்கிறேன். "மரம் எவ்வளவு கடினமோ அவ்வளவு பொறுமையா செதுக்கு": இது ஏறுமுக விதி, ஒன்று கூடினால் மற்றதும் கூட வேண்டும். "ஈரம் கூடக்கூட, வெடிக்கிறது நிச்சயம்": இங்கே கூடுவது வெடிப்பின் அளவு அல்ல, நம் நிச்சயம். "இந்த மாதிரி மரத்தில் இப்படிச் செய்ததுண்டு": இதுதான் மம்தானியின் சாட்சியம். மூன்றையும் 'இருந்தால்' போட்டே எழுதிவிடலாம், வம்பே அங்கேதான்!

சாட்சிய விதிகள் சேரச் சேர, நடக்கலாம் என்பவை பெருகும், பதில் அகலும். கட்டுப்பாட்டு விதிகள் சேரச் சேர பதில் இறுகும். ஒரே சூட்டுக்கு ஒரு ஷிப்ட் ஆபரேட்டர் "நிலக்கரியைக் குறை" என்கிறார், அடுத்த ஷிப்ட்காரர் "அப்படியே விடு" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியமாக எடுத்தால் கம்ப்யூட்டர் சராசரி பார்த்து நடுவில் ஒரு பதில் தந்துவிடும். கட்டுப்பாடாக எடுத்தால் இரண்டுக்கும் பொதுவாக எதுவுமே மிஞ்சாமல் போகலாம், அப்போதுதான் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "அண்ணே, இது நீங்க பார்த்ததா, இல்லே இப்படித்தான் செஞ்சாகணுமா?" என்று கேட்க நமக்குத் தோன்றும்.