மலை மழை மோட்டாரை ஓட்டிய கதை
(வானொலி உரை)



"கரண்டைக் கறந்துட்டா அப்புறம் தண்ணியில என்ன சத்து இருக்கும்?" என்று கிராமத்தில் வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. நீலகிரியின் பைக்காரா கதையைக் கேட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்த நாளில் கோவைப் பக்கம் கிணற்றுப் பாசனம் என்றால் கவலை இறைப்புத்தான். நம் பக்கம் கமலை என்போமே, அதேதான். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். மேலே மலையிலோ தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் சும்மா உருண்டோடிக் கொண்டிருந்தது. சென்னை மாகாண அரசில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. ராமசாமி ஐயர் பைக்காரா திட்டத்துக்குத் துணை நின்றார். 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் சிங்காரா மின்நிலையம் ஓடியது. கோவை ஆலைகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் கரண்டு வந்தது.

மழை நின்றால் ஆறு மெலியுமே? அதற்குத்தான் 1938-இல் முக்குருத்தி அணை. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது மாதிரி, மழைத் தண்ணீரைக் கோடைக்குச் சேர்த்து வைத்தார்கள்.

தண்ணீரை இரும்புக் குழாயில் சுமார் 3,000 அடி இறக்குகிறார்கள். அந்த வேகம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்ணீர் கொடுப்பது வேகத்தை மட்டும்தான், சத்தை அல்ல. அதே தண்ணீர் 1952-இல் வந்த மாயாறு மின்நிலையத்திலும் வேலை செய்துவிட்டு, 1955-இல் முடிந்த பவானிசாகர் அணைக்கு வருகிறது. கீழ்பவானியில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. மிச்சம் பவானி ஆற்றோடு காவிரியில் சேர்ந்து நம்மிடம் வருகிறது. தில்லை நகர்ப் பக்கம் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலிலும் அந்த மலை மழையில் ஒரு பங்கு இருக்கும்.

இனி ஒரு கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீர் 3,000 அடி இறங்கினால் ஏறக்குறைய 2 யூனிட் கரண்டு. 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓட 4 யூனிட் வேண்டும். ஆக, மலையில் 2,000 லிட்டர் இறங்கினால், 100 அடிக் கிணற்றிலிருந்து சுமார் 20,000 லிட்டர் மேலே ஏறும். நீர்மட்டம் 300 அடிக்குப் போய்விட்டாலோ, அதே கரண்டுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இந்தக் கரண்டு சும்மா வந்ததல்ல. நீலகிரி அணைகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் மூழ்கின. அதனால் கட்டணம் இல்லையே என்று மோட்டாரை ஓடவிட்டு வரப்பு வழிய விடாதீர்கள். வயல் நனைந்ததும் நிறுத்துங்கள். கிணற்றைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்க வழி செய்யுங்கள். நீர்மட்டம் ஏறினால் கரண்டும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.