பதிவேட்டில் அடைபட்ட பரம்பரை

புலவர் பரம்பரை, ஆசிரியர் பரம்பரை என்று நாம் போற்றி வழங்கும் சொல்லோடு 'குற்றம்' என்பதை இணைத்துச் சட்டமாக்கிய காலம் ஒன்று உண்டு. 1871இல் ஆங்கிலேய அரசு வடபுலத்தில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்தது.

குற்றம் நிகழ்ந்து, விசாரணை முடிந்து, தீர்ப்புக்குப் பின் பெயர் பதிவாவதே நீதிமுறை. இச்சட்டமோ அதனைத் தலைகீழாக்கியது. பிறப்பே சான்றாயிற்று. ஒரு குலத்தைக் குற்றக்குலமென அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழியில்லை. பதிவு பெற்றோர் கைரேகை வைக்கவேண்டும். ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதி பெறவேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுமையும் 1952இலும் சட்டம் நீங்கியது. 'சீர்மரபினர்' என்னும் புதுப்பெயரும் பிறந்தது. எனினும் 'வழக்கமான குற்றவாளிகள்' பற்றிய மாநிலச் சட்டங்கள் வழியே பழைய ஐயம் தொடர்ந்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்குக என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 அக்டோபர் 3ஆம் நாளில்தான்.

சட்டம் மாண்டபின்னும் ஏடு எழுபத்திரண்டு ஆண்டுகள் பேசியிருக்கிறது. அதன் மொழி நம் பழமொழியிலும் வசைச்சொல்லிலும் இன்றும் ஒலிக்கிறது. அங்கிருந்து அதனை அகற்ற எந்த நீதிமன்றமும் ஆணையிட இயலாது. அது சொல்லாளும் நம் கடமை.