சான்றிதழ் வாங்கிய விசுவாசிகள்

'விசுவாசம்' என்ற சொல்லை நாம் ரெண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். சர்ச்சில் சொன்னால் கடவுள் நம்பிக்கை. வெளியே சொன்னால் எஜமானுக்கோ கட்சித் தலைவருக்கோ காட்டுகிற விசுவாசம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'பிஸ்டிஸ்' என்ற சொல்லும் இப்படித்தான்; ரெண்டு பொருளும் அதில் உண்டு. இந்த ரெண்டாவது பொருள் கிறிஸ்தவர்களை உலுக்கிப் போட்ட வருடம் கி.பி. 250.

அதற்கு முன்பும் துன்புறுத்தல்கள் நடந்தன. பெரும்பாலும் அங்கங்கே, உள்ளூர் அளவில். ரோமப் பேரரசர் டெசியஸ் போட்ட உத்தரவு வேற மாதிரி: பேரரசு முழுக்க மக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலி உணவைச் சாப்பிட்டு, அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கணும். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் மனுதாரருக்கு வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அடையாளம்கூட எழுதியிருக்கு.

கிறிஸ்தவர்கள் என்ன பண்ணினாங்க? ரோம் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் உயிரிழந்தார். சிலர் சிறையில் சித்திரவதையைத் தாங்கினார்கள். ஆனால் நிறைய பேர் பலியிட்டுவிட்டார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கைது செய்ய ஆள் வருவதற்கு முன்னாடியே மக்கள் பலியிட ஓடினார்கள் என்று அந்த ஊர் ஆயர் சிப்பிரியானே வேதனையோடு எழுதியிருக்கிறார். இன்னும் சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள்.

251-ல் டெசியஸ் கோத்தியர்களுடனான போரில் செத்துப்போனார். அதற்குள்ளேயே சபைக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. விழுந்தவர்கள் திரும்பி வரணும்னு கேட்டார்கள். சேர்க்கலாமா?

ரோமில் நொவேஷியன் என்ற குரு, 'கூடவே கூடாது' என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. சித்திரவதையில் உடம்பைக் கொடுத்தவனும் காசு கொடுத்துத் தப்பியவனும் ஒரே பந்தியில் உட்காருவதா? இதற்கு நேர்மாறாக, சிறைக்குப் போய் வந்த சிலர், விழுந்தவர்களை உடனே சேர்க்கச் சொல்லி தாராளமாகச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள்.

சிப்பிரியான் நிலைமைதான் சங்கடம். துன்புறுத்தல் சமயத்தில் அவரும் தலைமறைவாக இருந்து, கடிதம் மூலமாகத்தான் சபையை நடத்தினார். அதற்காகப் பேச்சும் வாங்கினார். 251-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை, ஒவ்வொருவர் கதையையும் விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவமுயற்சி செய்யணும். மரணத் தறுவாயில் மன்னிப்பு உண்டு.

கொஞ்ச காலத்திலேயே அடுத்த துன்புறுத்தல் வருமென்ற பயம் வந்தது. அப்போது ஆயர்கள் தவத்தில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் முக்கியமானது: கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று கேட்கப் போகிறோம், அவருடைய கிண்ணத்தை மட்டும் தரமாட்டோம் என்றால் எப்படி?

எனக்கு இதில் படுவது இதுதான். நொவேஷியனுக்கு விசுவாசம் என்பது ஒருமுறை உடைந்தால் போனது போனதுதான். ஆயர்களுக்கு, அடுத்த சோதனையில் நிற்க வைப்பதும் விசுவாசத்தின் வேலை. மூன்று தடவை மறுதலித்த பேதுருவிடம் மறுபடியும் மந்தையை ஒப்படைக்கிற யோவான் நற்செய்தியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

250-ல் ஒளிந்துகொண்ட சிப்பிரியான், 258-ல் வலேரியன் ஆட்சியில் ஓடவில்லை. செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில், தன் மக்கள் பார்க்க, அவர் தலை வெட்டப்பட்டது.